லண்டன் போக அவருக்கு விருப்பமில்லை: எங்கள் வீட்டு அனுபவம்

நான் ஹட்டன் பக்கம் ஆஸ்பத்திரியில் தாதி, என் கணவர் தோட்டப் பாடசாலையில் கணித வாத்தியார். பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு செய்ய, சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓஇடியில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ் வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

"நீ முதல்ல போ, அவர் தன்னால வருவார்" என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மனசில்லாத ஆளை இழுத்துக்கொண்டு போனால் இங்கே பேசாமல் விட்ட சண்டையை அங்கே வாடகை வீட்டில் போட வேண்டிவரும். அதனால் என்னதான் தடை என்று அவரிடமே கேட்டேன். பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே இருந்தவர், சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, "அம்மாவ லயத்துல தனியா விட்டுட்டா, செக்ரோல்ல பேர் இருக்கிற ஆள் யாரும் இல்லன்னு காம்பராவ கேட்டா என்ன செய்றது?" என்றார்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, காம்பரா அதில் உள்ள அறை, செக்ரோல் தோட்ட வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு. வேலை செய்கிற ஆள் இல்லையென்று அறையைத் திருப்பிக் கேட்பார்களோ என்பதுதான் அவர் பயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமியார் கொழுந்து எடுத்தே வாழ்க்கையைக் கழித்தவர். அவர் இருப்பது இன்றைக்கும் கம்பனி வீடு, கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்டத் தருவதாகச் சொன்ன 7 பேர்ச் காணி பற்றி எத்தனையோ கூட்டத்தில் கேட்டுவிட்டோம், எங்கள் டிவிஷனுக்கு இன்னும் வரவில்லை. வெளியூர் ஆட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மலையகத்தில் ஒரு குடும்பம் புறப்படுவதைத் தீர்மானிப்பது பல நேரம் இதுதான்.

அப்புறம் வேலை. 2022 நெருக்கடி நேரத்தில் அரசு ஊழியர்கள் 5 வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நான் அதைக் காட்டினேன். அவர் கணித வாத்தியார் அல்லவா, உடனே கணக்குப் போட்டார்: அங்கே நிரந்தர வதிவிடத்துக்கு 5 வருடம் என்றிருந்ததைப் பொதுவாக 10 ஆக்கும் திட்டத்தை 2025 மே மாதம் அறிவித்துவிட்டார்கள், விடுமுறை முடியும்போது நாம் பாதி வழியில் நிற்போம் என்றார். சரியான கேள்விதான். திரும்பி வருவதா இல்லையா என்பதைப் போகும் முன்னரே பேச வைத்தது அந்தக் கணக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனம் இளகியது. தாதி விசாவில் போகிறவரின் துணை ஸ்பொன்சர் இல்லாமலே வேலை செய்யலாம், வருடத்துக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணமும் இருவருக்கும் இல்லை. பராமரிப்பு வேலைக்கு எடுக்கிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்சிகளின் பேச்சை மட்டும் நம்பாதீர்கள்: அந்த வேலைக்குப் போகிறவர் 2024 மார்ச் 11க்குப் பிறகு குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, 2025 ஜூலை 22இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது.

இப்போதைக்கு முடிவு இதுதான்: பண்டாரவளையில் இருக்கும் நாத்தனார் வீட்டில் மாமியாருக்கு ஓர் அறை ஒழுங்காகும் வரை நான் எந்த நேர்முகத்துக்கும் போவதில்லை. விடுமுறை விதி இன்றைக்கு எப்படி என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க அவரே போகிறார். இங்கே யாராவது ஆசிரியராக இருந்த கணவரோடு போயிருந்தால், முதல் வருடம் அவர் என்ன வேலை செய்தார், வகுப்பறைக்குத் திரும்ப வழி கிடைத்ததா என்று எழுதுங்கள். அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.