டென்னிஸ் ஆட்டத்தின் நடுவே திட்டத்தை மாற்றிய அனுபவங்கள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

மண்தரை (சென்னை):

முதல் செட் கைவிட்டுப் போன பிறகு யோசித்து, ஆடும் விதத்தை மாற்றி, ஆட்டத்தைத் திருப்பிய அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதைவிட எதைக் கவனித்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

எங்கள் கிளப்பில் நடந்த மூத்தோர் ஒற்றையர் போட்டி. எதிரில் ஓர் இடக்கைக்காரர். வயதில் என்னைவிடப் பெரியவர், வேகமாக அடிக்கிறவரும் இல்லை. ஆனால் அட்வான்டேஜ் பக்கத்தில், அதாவது எனக்கு இடப்புறப் பாதியில், அவர் போடும் ஸ்லைஸ் சர்வ் (பக்கவாட்டில் வெட்டிச் சுழற்றிவிடும் சர்வ்) இருக்கிறதே, தரையில் பட்டதும் என் இடப்பக்கம் விலகி ஓரக்கோட்டைத் தாண்டி ஓடும். எட்டிப் பிடித்து பேக்ஹேண்டில் திருப்பும்போது நான் கோர்ட்டுக்கே வெளியே நிற்பேன். அவர் காலியான பக்கத்தில் நிதானமாகத் தட்டிவிட்டுப் போய்விடுவார். 40-30, 30-40, அட்வான்டேஜ் என்று கேமை முடிக்கிற பாயின்ட்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் ஆடப்படுகின்றன. இடக்கைக்காரர்களுக்கு இந்த சர்வ் இவ்வளவு பெரிய சொத்தாக இருப்பதும் அதனால்தான். முதல் செட் 2-6.

செட் முடிந்து உட்கார்ந்தபோது யோசித்தேன். என் பேக்ஹேண்ட் அன்றைக்கு நன்றாகவே இருந்தது. பந்து என்னிடம் வருவதற்குள் விலகிவிடுகிறது, அவ்வளவுதான் தொல்லை. அப்படியானால் விலகுவதற்கு முன் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது செட்டில் வழக்கத்தைவிட நன்றாக இடப்பக்கம் தள்ளி, ஒரு கால் ஓரத்து டபுள்ஸ் பகுதிக்குள் (இரட்டையர் ஆட்டத்துக்கு மட்டுமான பட்டை) இருக்கும்படி நின்றேன். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கு உள்ளேயும் ஓர் எட்டு வந்துவிட்டேன். நடுக்கோட்டுப் பக்கம் பளிச்சென்று திறந்து கிடந்தது. தெரிந்தேதான் திறந்து வைத்தேன். நெட் நடுவில் 91 சென்டிமீட்டர்தான், தூண் அருகே 107. அதனால் நடுக்கோட்டை ஒட்டிப் போடும் சர்வ் யாருக்கும் ஆசை காட்டும். ஆனால் முதல் செட் முழுக்க அவர் அதைத் தொடவே இல்லை என்பதைப் பார்த்து வைத்திருந்தேன். எதிர்பார்த்தபடியே இப்போது முயன்றார். சில நெட்டில் விழுந்தன, உள்ளே விழுந்தவை என் ஃபோர்ஹேண்டுக்கே வந்தன. மறுபடி ஸ்லைஸுக்குத் திரும்பினார். அதைப் பந்து எழும்போதே வெட்டி, நேராக அவருடைய பேக்ஹேண்டுக்கு ஆழமாக அனுப்பினேன். குறுக்கே அடித்திருந்தால் அவருடைய ஃபோர்ஹேண்டுக்குத் தீனி போட்டது போல ஆகியிருக்கும்.

அப்புறம் காற்று. சென்னையில் மதியத்துக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க கோர்ட்டுகளை வடக்கு தெற்காகப் போட்டிருப்பார்கள். ஆக, நமக்குக் காற்று குறுக்கேதான் வரும். மூன்றாவது செட்டில் காற்று கிளம்பியதும் ஒரு விஷயம் தெரிந்தது. அவர் வடக்கு முனையிலிருந்து சர்வ் போட்டால் காற்றும் சேர்ந்து தள்ளி, பந்து இன்னும் அதிகமாக விலகுகிறது. தெற்கு முனையிலிருந்து போட்டால் காற்று எதிரே பிடித்து நிறுத்துகிறது, ஸ்லைஸ் பாதிகூட வேலை செய்யவில்லை. அவர் வடக்கே இருக்கும்போது இன்னும் தள்ளியும், தெற்கே இருக்கும்போது ஏறக்குறைய வழக்கமான இடத்திலும் நின்றேன். 2-6, 6-3, 6-4.

ஆட்டம் நடக்கும்போது எதையாவது மாற்ற வேண்டுமென்றால் முதலில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன். புது அடியைப் பழக மாதக்கணக்காகும். இரண்டடி தள்ளி நிற்க அந்த நிமிடமே போதும்.

புல்தரை (கோயம்புத்தூர்):

அண்ணா, காற்று விஷயம் அருமை. இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஆடுகிறவர்களுக்கு நன்றாகவே புரியும்.

என் அனுபவம் கொஞ்சம் வேறு. மாற்றிய திட்டத்தை எப்போது விடாமல் பிடித்துக்கொள்வது என்பது பற்றி. கல்லூரி அணியில் ஆடும் ஒரு பையனோடு ஆடினேன். எவ்வளவு வேகமாக அடித்தாலும் அதைவிட வேகமாகத் திரும்பி வந்தது. ஒரு கட்டத்தில் வேகம் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். தாழ்வான ஸ்லைஸ், கோர்ட்டின் நடுவில் குட்டையாக ஒரு பந்து, முன்னே ஓடி வந்தால் தலைக்குமேல் லாப். வேகத்தை அவனே உண்டாக்க வேண்டிவந்ததும் பந்துகள் வெளியே போகத் தொடங்கின. இரண்டாவது செட் என்னுடையது. மூன்றாவதில் அவன் பழகிக்கொண்டு வரிசையாக கேம்களை எடுத்தான். பழைய ஆட்டத்துக்கே போய்விடலாம் என்று கை துறுதுறுத்தது.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது 1975 விம்பிள்டன் இறுதி. ஆர்தர் ஆஷுக்கு 32 வயது நிறைய சில நாட்களே இருந்தன. ஜிம்மி கானர்ஸுக்கு 22, நடப்புச் சாம்பியன். அதற்குமுன் கானர்ஸிடம் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் ஆஷ் தோற்றிருந்தார். வேகமாக அடித்து ஆடுவதே ஆஷின் வழக்கம். அன்று அதை மூட்டைகட்டிவிட்டு மெதுவான பந்து, கானர்ஸின் ஃபோர்ஹேண்டுக்குத் தாழ்வாக, அகலமான ஸ்லைஸ் சர்வ், லாப் என்று ஆடினார். 6-1, 6-1. பிறகு கானர்ஸ் மூன்றாவது செட்டை 7-5 என எடுத்து, நான்காவதில் 3-0 முன்னிலையும் பெற்றார். அந்த இடத்தில் நானாக இருந்தால் பயந்து பழைய ஆட்டத்துக்கு ஓடியிருப்பேன். ஆஷ் ஓடவில்லை. அதே மெதுவான பந்துகளை வைத்தே 6-4 என முடித்தார். எனக்கு டென்னிஸில் இதைவிடத் துணிச்சலான காரியம் எதுவும் தெரியாது.

நானும் ஸ்லைஸை விடவில்லை. ஆழத்தை மட்டும் கூட்டினேன். கடைசியில் 7-5 என அவன்தான் ஜெயித்தான். வேகத்தோடு வேகம் மோதியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரட்டையர் (மதுரை):

2025 முதல் சர்வதேச விதிப்படி பயிற்சியாளர் வெளியிலிருந்து ஆலோசனை சொல்லலாம். எங்களைப் போல ஆடுகிறவர்களுக்கு ஜோடிதான் பயிற்சியாளர். நானும் என் அக்காவும் சேர்ந்துதான் ஆடுவோம். போன போட்டியில் எதிரணியில் நெட்டில் நின்ற பெண்மணி என் ரிட்டர்னை எல்லாம் குறுக்கே பாய்ந்து மறித்து, அக்காவின் காலடியிலேயே அடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நெட்டை விட்டுட்டு என்னோட பின்னால வந்து நில்லுங்க" என்றேன்.

"பயந்துட்டோம்னு நினைப்பாங்கடி."

"நினைக்கட்டும். அவங்க அடிக்கிறதுக்கு அங்க ஆள் இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்."

இருவரும் பேஸ்லைனில் நின்றோம். அவருடைய மறிப்பு அடிகள் எங்களுக்குக் கைக்கெட்டும் பந்துகளாயின. அடுத்த ரிட்டர்னையே அவர் தலைக்குமேல் நேராக லாப் போட்டேன். அதற்குப் பிறகு அவர் நெட்டை ஒட்டி நிற்கவில்லை. நின்ற இடத்திலிருந்து ஓரடி பின்வாங்கியதை அக்காதான் முதலில் பார்த்துச் சொன்னாள். முதல் செட் எங்களுக்கு.

ஆனால் அவர்களும் சும்மா இருக்கவில்லை. நாங்கள் பின்னால் நிற்பதைப் பார்த்து, நெட்டைத் தாண்டியதும் மெதுவாக விழும் டிராப் ஷாட் போட ஆரம்பித்தார்கள், அதுவும் முழங்கால் வலி உள்ள அக்கா பக்கமாகவே. நான் குறுக்கே ஓடி எடுத்தால் என் பக்கம் திறந்துவிடுகிறது. மூன்றாவது செட்டில் தோற்றோம். அடுத்த போட்டியிலும் அதே ஜோடி வருகிறார்கள். அந்த டிராப் ஷாட்டுக்கு யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்களேன், அக்காவிடம் படித்துக் காட்டுகிறேன்.