முதல் சிரிப்பு: அவளை எழுப்பியிருக்க வேண்டுமா?

பல்லடத்து அப்பா
ஒன்றரை மாத ஊசி போட்ட அன்று ராத்திரி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். பன்னிரண்டு மணி வரை பாப்பாவை மனைவி பார்த்தாள், அப்புறம் என் முறை. சுவரில் சாய்ந்து தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மூன்று மணி வாக்கில் அழுகை நின்றது. தூங்கிவிட்டாளா என்று சேலையை இரண்டு விரலால் விலக்கி எட்டிப் பார்த்தால், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கிறாள். ஜன்னல் வழியே தெருவிளக்கு வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. அவள் கண் மெதுவாக நகர்ந்து என் முகத்தில் வந்து நின்றது. முதலில் புருவம் ஏறியது. அப்புறம் வாய் இடது பக்கமாகக் கோணியது, அழப்போகிறாள் என்றே நினைத்தேன். இல்லை. ஈறு தெரியச் சிரித்தாள். “என்னம்மா தங்கம்” என்றேன். மறுபடியும் சிரித்தாள். மூன்று தடவை.

மனைவி நாலடி தள்ளிப் பாயில் படுத்திருந்தாள். சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கி எத்தனை நாளாயிற்றோ, எழுப்ப மனம் வரவில்லை. காலையில் சொன்னேன். “என்னை எழுப்பியிருக்கலாமே” என்று ஒரே வார்த்தை. இட்லி ஊற்றப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளைப் பார்த்தும் பாப்பா நிறைய சிரித்துவிட்டாள். ஆனாலும் பத்து நாளாக அந்தக் காலை நேரம் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ரெட்டைவால் அம்மா
தம்பி, நீங்கள் செய்ததுதான் சரி. பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கத்தை விடப் பெரிய பரிசு கிடையாது. என் மூத்தவன் முதலில் சிரித்தது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை. அந்த வாரம் என் அம்மா ஊரிலிருந்து வந்து அவனை வாங்கிக்கொண்டு, “நீ போய்ப் படு” என்று கதவைச் சாத்தியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலையணை வெயிலில் காய்ந்த வாசனையோடு இருந்தது. நாலு மணி நேரம் தூங்கினேன்.

தென்காசிக்காரன்
ஒன்றரை மாதத்தில் சிரிக்கிறதெல்லாம் நரி விரட்டுகிறதுதான். எங்கள் வீட்டில் பிறந்த ஐந்தாம் நாளே சிரித்தான். அதற்காக யாரும் யாரையும் எழுப்பவில்லை.

செவிலி
இல்லை சார், இரண்டும் வேறு வேறு. நரி விரட்டுகிறது என்று பாட்டிமார் சொல்வது தூக்கத்தில் வரும் சிரிப்பு. அது பிறந்த சில நாட்களிலேயே வரும், யாரையும் பார்த்து வருவதல்ல. முகத்தைப் பார்த்துப் பதிலுக்குச் சிரிப்பது 6 வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். பிறந்த புதிதில் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும், மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் அம்மா முகத்துக்கும் உள்ள தூரம். பல்லடத்து அண்ணா சேலையை விலக்கி எட்டிப் பார்த்தாரே, அவ்வளவுதான் இருந்திருக்கும். நீங்கள் பேசியதும் மறுபடி சிரித்தாள் என்கிறீர்கள். அது உங்களுக்கேதான் அண்ணா.

வேளச்சேரி
எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன். பகலில் ஓர் ஆயாம்மா பார்த்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் வந்ததும் “தவழ்ந்தானா?” என்று கேட்பேன். “இன்னும் இல்லம்மா, நாளைக்குப் பாப்போம்” என்பார். ஒரு சனிக்கிழமை, கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், வயிற்றைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வருகிறான். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அழுதேன். ஊருக்கெல்லாம் போன் செய்து சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து எதிர் வீட்டு அக்கா பேச்சுவாக்கில் சொன்னார், அதற்குப் பத்து நாள் முன்பே அவன் வாசல் வரை தவழ்ந்து வந்துவிட்டானாம். ஆயாம்மா அவர் கையைப் பிடித்து, “அவங்க அம்மா முதல்ல பாக்கட்டும், சொல்லிடாதீங்க” என்றாராம். அவரிடம் நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் அவர் எனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

கொங்கு தாத்தா
என் பேரனும் தூளியில்தான் வளர்ந்தான், முதல் சிரிப்பை அவன் பாட்டிதான் பார்த்தாள். அது இருக்கட்டும். தூளி என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. கொக்கியை வாரம் ஒரு முறை கையால் இழுத்துத் தொங்கிப் பாருங்கள். பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும், வழுக்குகிற துணி ஆகாது. முடிச்சு இரண்டு போடுங்கள். நடுவில் தொட்டில் கட்டை வைத்தால் துணி முகத்தில் மூடாது. தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம், அடியில் மெத்தை விரியுங்கள். சின்னக் குழந்தைக்குக் கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைக்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டுகிறவருக்குக் கண் சொக்கினால் உடனே எடுத்துத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், பக்கத்தில் தலையணை கூடாது. குப்புற விழ ஆரம்பித்துவிட்டால் தூளியில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நகரக் கூடாது.

டொராண்டோ இரவு வேலை
நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. மகளுக்கு முதல் பல்லு வந்தது நான் இரவு வேலையில் நின்ற நேரம். மனுசி போன் எடுத்தா, ஒன்றும் சொல்லவில்லை. “கேளுங்கோ” என்று மட்டும் சொல்லி, கரண்டியைப் பிள்ளையின் ஈறில் மெல்லத் தட்டினா. டிக். எவ்வளவு சின்னச் சத்தம்! பண்டகசாலை இயந்திரங்களுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். இன்னொருக்கா தட்டச் சொன்னேன். டிக்.

பிறகு பல்லுக் கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்தி, பிள்ளையின் தலையில் கொட்டினோம். படம் நிறைய இருக்கு. ஆனால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

பல்லடத்து அப்பா
எல்லோருக்கும் நன்றி. தாத்தா, இன்று கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது.

வேளச்சேரி அக்கா எழுதியதை ராத்திரி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பாப்பா அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “வாய் எந்தப் பக்கம் முதல்ல கோணுச்சுன்னு சொன்னீங்க?” என்றாள். இடது பக்கம் என்றேன். “மொதல்லருந்து சொல்லுங்க.”

தெருவிளக்கிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.