முதல் வரைவில் உணர்ச்சியை விளக்கிவிடும் பழக்கம்: எழுதும்போதே திருத்துவதா, முடித்த பிறகா?

ஊடும்பாவும் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1980களின் காஞ்சிபுரத்தைக் களமாகக் கொண்டு, பட்டு நெசவுக் குடும்பம் ஒன்றைப் பற்றிய என் முதல் நாவலை எழுதி வருகிறேன். கதையைச் சொல்பவள் அந்த வீட்டின் மகள். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் தறியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கோர்வைப் புடவையின் (உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோக்கும் புடவை) கரைக்கான நாடாவை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் கருவியை, ஓட்டுவது அவளுடைய வேலை.

இதுவரை எழுதிய அத்தியாயங்களைப் படித்த நண்பர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சுட்டினார்கள். காட்சி தானாகவே உணர்த்திவிட்ட ஒன்றை அடுத்த வரியில் நான் மறுபடியும் விளக்குகிறேன் என்பதே அது. எடுத்துக்காட்டாக ஒரு பத்தியைத் தருகிறேன். முதலாளி கூலியைக் குறைத்துவிட்ட நாளில் நடப்பது இது (தார் என்பது நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குழல்):

“முதலாளி கூலிச் சீட்டைத் தறியின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். அப்பா அதை எடுத்துப் பார்க்கவில்லை. நாடாவில் புதுத் தாரைப் போட்டுவிட்டு மீண்டும் நெய்யத் தொடங்கினார். இத்தனை வருட உழைப்புக்குக் கிடைத்த மரியாதை இதுதானா என்ற வேதனை அவர் நெஞ்சை அழுத்தியது.”

கடைசி வாக்கியம் தேவையற்றது என்பது சுட்டிக்காட்டிய பிறகு எனக்கும் தெரிகிறது. ஆனால் எழுதும் நேரத்தில் அந்த வாக்கியத்தை எழுதாமல் என்னால் அடுத்த காட்சிக்கு நகர முடிவதில்லை. அதை நீக்கலாம் என்று முந்தைய பக்கங்களுக்குத் திரும்பினால் அங்கேயே தங்கிவிடுகிறேன். முதல் அத்தியாயங்கள் மெருகேறிக்கொண்டே இருக்க, நாவலின் நடுப்பகுதி எழுதப்படாமல் நிற்கிறது. இந்தப் பலவீனத்தை எழுதும்போதே களைய வேண்டுமா, அல்லது முழு வரைவையும் முடித்த பிறகு கவனித்தால் போதுமா? நாவல் எழுதி முடித்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காவிரிக்கரை வாசகி எழுதியது:

வணக்கம். நீங்கள் தந்த பத்தியின் முதல் மூன்று வாக்கியங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. சீட்டைப் பார்க்காமல் தாரை மாற்றுகிற அந்த ஒரு செயலில் அப்பாவின் தன்மானம் முழுவதும் இருக்கிறது. நான்காவது வாக்கியத்தைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான் என்றாலும், அது மிகையான விளக்கம் என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அதில் இருப்பதாக நினைக்கிறேன்.

முதல் மூன்று வாக்கியங்களில் வரும் ‘அப்பா’ என்ற அழைப்பு, சொல்பவள் மகள் என்பதை நிலைநிறுத்துகிறது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறுமியால் முதலாளி படியிறங்குவதைப் பார்க்க முடியும். அப்பாவின் கை நாடாவை எடுப்பதையும் பார்க்க முடியும். அவருடைய நெஞ்சை எது அழுத்துகிறது என்பதை அவள் எங்கிருந்து பார்த்தாள்? அந்த இடத்தில் மகள் எழுந்து போய்விட, எல்லோருடைய மனத்துக்குள்ளும் நுழையக்கூடிய வேறொரு கதைசொல்லி வந்து உட்கார்ந்துகொள்கிறார். வாசகர் அந்த மாற்றத்தைப் பெயரிட்டுச் சொல்லாவிட்டாலும், தறியின் பக்கத்திலிருந்து தூக்கி எறியப்பட்டதை உணர்ந்துவிடுவார்.

1886 மே மாதத்தில் ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் தம் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசுகிறார். பாத்திரத்தின் மனநிலையை வர்ணிப்பதைத் தவிர்ப்பதே நல்லது என்றும், அது அவனுடைய செயல்களிலிருந்து விளங்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்துகிறார். நிலவொளி வீசும் இரவைக் காட்ட ஆலையின் அணைமேல் உடைந்த புட்டியின் சில்லு மின்னுவதைச் சொன்னாலே போதும் என்ற புகழ்பெற்ற குறிப்பும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. பலரும் புட்டிச் சில்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது மனநிலையைப் பற்றிய அந்த இன்னொரு வரி.

அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் உங்களிடம் அருமையான வாய்ப்பு ஒன்று இருக்கிறது. கோர்வை நெசவில் உடலுக்கான நாடாவும் கரைக்கான நாடாவும் ஒன்றையொன்று சந்தித்துக் கோத்துக்கொண்டால்தான் அடுத்த இழைக்குப் போக முடியும். அப்படியானால் உங்கள் சிறுமி அப்பாவின் கைகளுக்காக ஒவ்வோர் இழையிலும் காத்திருப்பவள். அவருடைய தாளம் தப்பினால் உலகத்தில் வேறு யாருக்கும் முன்பாக அவளுக்குத்தான் தெரியும். அப்பாவின் மனத்தை அறிய அவள் அவருடைய நெஞ்சுக்குள் நுழையத் தேவையில்லை. தன் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

மூன்றாம் வரைவு எழுதியது:

மேலே வாசகி அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எழுதும்போதே திருத்துவதா, பிறகு திருத்துவதா என்ற கேள்விக்கு என் பதில், எந்தக் குறை என்பதைப் பொறுத்தது.

கதைசொல்லி யார், அவளுக்கு எதெல்லாம் தெரியும், எந்த வயதிலிருந்து அவள் பேசுகிறாள் என்பவற்றில் குழப்பம் இருந்தால் அதை இன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இனி எழுதப்போகும் ஒவ்வொரு பக்கமும் அந்த முடிவின் மேல்தான் நிற்கப்போகிறது. பின்னால் மாற்றினால் நாவல் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். ருஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை முதலில் குற்றவாளியே தன்மையில் சொல்லும் வாக்குமூலமாக எழுதத் தொடங்கினார். 1865 நவம்பர் இறுதிக்குள் கணிசமான பகுதி எழுதப்பட்ட நிலையில், அதை எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியதாக அவரே நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். நாம் இன்று படிக்கும் நாவலில் படர்க்கைக் கதைசொல்லி ஒருவர் குற்றவாளியான ரஸ்கோல்னிகோவை மிக நெருக்கமாகப் பின்தொடர்கிறார். அவ்வளவு எழுதிய பிறகும் அவர் திரும்பிப் போய் மாற்றியது சொல்லும் குரலைத்தான்.

வாக்கியத்தின் அளவில் நிகழும் குறைகள் வேறு வகை. ‘நெஞ்சை அழுத்தியது’, ‘மனம் கனத்தது’, ‘கண்கள் பனித்தன’, ‘இனம் புரியாத ஏக்கம்’ போன்ற தயார்நிலைச் சொற்கள் முதல் வரைவில் வரத்தான் செய்யும். பல நேரங்களில் அவை எழுதுபவர் தமக்குத் தாமே விட்டுவைக்கும் குறிப்புகள்; இந்தக் காட்சி எதைப் பற்றியது என்பதை நீங்கள் அந்த வாக்கியத்தை எழுதித்தான் கண்டுபிடிக்கிறீர்கள். அது இல்லாமல் அடுத்த காட்சிக்கு நகர முடியவில்லை என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் அதுவாகவே இருக்கும் என நம்புகிறேன். ஆகவே தயங்காமல் எழுதுங்கள். எழுதியவுடன் அந்த வாக்கியத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிட்டு முன்னே செல்லுங்கள். வரைவு முடிந்ததும் அடைப்புக்குள் இருப்பவற்றை மட்டும் வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் உள்ள காட்சி அந்த உணர்ச்சியைத் தனியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கினால் அடைப்புக்குள் இருக்கும் வாக்கியத்தை நீக்கிவிடலாம். தாங்காவிட்டால் குறை காட்சியில்தான் இருக்கிறது. விளக்கத்தை வெட்டுவதோடு வேலை முடியாது, காட்சியை மறுபடியும் எழுத வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்தையும் செதுக்கிய பிறகே அடுத்த பக்கத்துக்குப் போன பெரிய எழுத்தாளர்களும் உண்டு என்று யாரேனும் சொல்லக்கூடும். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் ‘மதாம் பொவாரி’ நாவலை 1851 முதல் 1856 வரை அப்படித்தான், வாக்கியங்களை உரக்கப் படித்துப் படித்து எழுதினார். ஆனால் அவர் நாவலின் நிகழ்வுகளை விரிவான திட்டக் குறிப்புகளாக முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். நடுப்பகுதியில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவருக்கு முதல் அத்தியாயத்தில் தங்கிச் செதுக்குவது பாதுகாப்பான செயல். உங்கள் நடுப்பகுதி இன்னும் எழுதப்படவில்லை என்கிறீர்கள். அதில் என்ன நடக்கும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், முதல் அத்தியாயங்களுக்குத் திரும்புவதைத் திருத்தம் என்று நினைத்துக்கொண்டு, உண்மையில் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊடும்பாவும் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நடுப்பகுதியில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியாது என்பது உண்மைதான். அதை இந்த வாரம் குறிப்புகளாகவேனும் எழுதிப் பார்க்கப்போகிறேன். வாசகி அவர்கள் சொன்ன வழியில் அந்தப் பத்தியை மாற்றியிருக்கிறேன்:

“முதலாளி கூலிச் சீட்டைத் தறியின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். அப்பா அதை எடுத்துப் பார்க்கவில்லை. நாடாவில் புதுத் தாரைப் போட்டார். அவருடைய நாடா என் பக்கம் வர வேண்டிய நேரம் கடந்தது. நான் நிமிர்ந்து பார்க்காமல் என் நாடாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு வந்தது. அன்று முழுவதும் அது வேகமாகவே வந்தது. என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.”

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. அப்படியானால் மகள் எந்த இடத்திலும் எதையுமே விளக்கக் கூடாதா? பெரியவளான பிறகு நினைவுகூர்ந்து சொல்வதாகத்தான் நாவலை அமைத்திருக்கிறேன்.

தெற்கத்தி எழுதியது:

புதிய பத்தி சிறப்பாக இருக்கிறது. ‘ஈடுகொடுக்க முடியவில்லை’ என்பதில் அப்பாவின் துயரம் சிறுமியின் கைவலியாக மாறிவிட்டது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

விளக்கம் கூடவே கூடாது என்ற விதி எதுவும் இல்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் கதைசொல்லி வாசகரை நேரடியாக அழைத்துப் பேசுகிறார். விளக்குகிறார், முன்பு நடந்ததை நினைவூட்டுகிறார். அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்கு அது தேவைப்பட்டது. முதல் வரியிலிருந்தே அந்தக் கதைசொல்லி அப்படிப்பட்டவர் என்பதால் அது அவருக்குப் பொருந்துகிறது. நம்மில் பலர் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்ததால், அந்தக் குரலின் உரிமைகளை வேறு வகைக் கதைசொல்லிகளுக்கும் தெரியாமலே கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் மகள் பெரியவளான பிறகு பேசுகிறாள் என்றால், தன்னைப் பற்றி விளக்க அவளுக்கு முழு உரிமை உண்டு. அப்பா வருந்தினார் என்று சொல்ல அவளால் இயலாது; அன்று தான் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவள் யோசிக்கலாம். அந்த யோசனை தவறாகக்கூட இருக்கலாம். அப்போது அது இன்னும் உயிருள்ளதாக இருக்கும். ஆனால் அதைக் காட்சிக்கு அடுத்த வரியில் வைக்காமல், பல பக்கங்கள் தள்ளி, அவள் வேறொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது வர விடுங்கள்.

உரையாடலையும் இதே கண்ணால் ஒருமுறை பாருங்கள். ‘என்றார் வேதனையுடன்’, ‘என்றார் அலட்சியமாக’ என்பவையும் விளக்க வாக்கியங்களின் சுருங்கிய வடிவங்கள்தாம். அழைக்கும் முறையிலேயே உறவின் ஏற்ற இறக்கத்தைக் காட்டிவிடும் வசதி தமிழில் நமக்கு இருக்கிறது. முந்தைய அத்தியாயங்களில் அப்பாவை ‘வாங்க’ என்று வரவேற்ற முதலாளி, கூலியைக் குறைத்த பிறகு ‘என்னப்பா, முந்தி முடிஞ்சுதா?’ என்று கேட்டால், அலட்சியத்தைச் சொல்ல வேறு சொல் வேண்டியதில்லை. அப்பா அதற்குப் பிறகும் ‘நாளைக்கு முடிஞ்சிடுங்க’ என்று மரியாதை குறையாமல் பதில் சொல்கிறாரா, அந்த ‘ங்க’வை விட்டுவிடுகிறாரா என்பதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். உங்கள் நாவலின் நடுப்பகுதி எந்தத் திசையில் போகும் என்பது அந்த ஒரு பதிலிலிருந்தே உங்களுக்குத் தெரியவரலாம். அவர் விட்டுவிடுகிறார் என்றால், முதலாளி அடுத்த புடவைக்குப் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) கொடுப்பாரா என்ற கேள்வி உடனே எழுகிறது. அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.