‘ஹேவ்’ படுத்தும் பாடு: எங்கே ‘ஹேவிங்’ வரும், எங்கே வராது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் டிப்ளமோவோ பி.காமோ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள். அப்பாவுக்கு ஹார்பரில் வேலை, அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர், இப்படிப்பட்ட வீடுகள். இவர்களிடம் ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் உன்னைப் பற்றிச் சொல்லும்மா என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ வந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு பெண் பாரிமுனைப் பக்கம் ஒரு ஆபீஸுக்கு இன்டர்வியூ போயிருந்தாள். இதே வாக்கியத்தைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். என்ன தப்பு சார் என்று இவள் தைரியமாகக் கேட்டிருக்கிறாள், அதற்கும் பதில் இல்லை. எனக்கு அதுதான் கோபம். சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு அரை நிமிடம் சொல்லித் தரத் தெரியாதா?

விஷயம் இவ்வளவுதான். நம்மிடம் இருக்கிற பொருள், சொந்தபந்தம், யோசனை, சந்தேகம் இதெல்லாம் வெறும் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’. ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’, ‘ஷீ ஹேஸ் எ ஸ்கூட்டி’. ‘ஹேவிங்’ எப்போது வரும் என்றால், அந்த இடத்தில் ‘ஹேவ்’ ஒரு செயலாக இருக்கும்போது. சாப்பிடுவது, குளிப்பது, கூடிப் பேசுவது மாதிரி. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ ரொம்பச் சரி, ‘வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ சரி. ‘ஹேவிங்’கை எடுத்துவிட்டு ‘ஈட்டிங்’ மாதிரி ஏதாவது ஒரு வேலையைச் சொல்லும் வினையைப் போட்டுப் பாருங்கள் என்பேன். பொருந்தினால் ‘ஹேவிங்’ இருக்கட்டும். தங்கச்சிகளை என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்க முடியாது அல்லவா, அங்கே ‘ஹேவ்’ போதும்.

அப்புறம் ‘டஸ் ஹீ ஹேஸ்’. ‘டஸ்’ வந்த பிறகு ‘ஹேஸ்’ கிடையாது, ‘டிட்’ வந்த பிறகு ‘ஹேட்’ கிடையாது, இரண்டுக்கும் ‘ஹேவ்’தான். இதை ஒரே நாளில் திருத்திவிடலாம், ‘ஹேவிங்’தான் லேசில் போகாது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அக்கா, எங்கள் ஆபீஸில் நடந்தது. கூட வேலை பார்க்கும் பையனுடைய அக்காவுக்குக் கைக்குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று லீவு கேட்டு ‘மை சிஸ்டர் இஸ் ஹேவிங் எ பேபி’ என்று மெயில் போட்டுவிட்டான். மேனேஜர் பதறிப்போய் உடனே கிளம்பு, எந்த ஆஸ்பத்திரி, ஆர்.எஸ்.ஆர்.எம்-மா என்று கேட்கிறார். அக்காவுக்குப் பிரசவம் என்று நினைத்துவிட்டார்! அவன் ‘ஷீ ஹேஸ் எ பேபி’ என்று எழுதியிருக்க வேண்டும். இங்கே ‘ஹேவிங்’ போட்டால் அர்த்தமே மாறிவிடுகிறது பாருங்கள். லீவு என்னவோ கிடைத்தது.

மணலியிலிருந்து:

கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். எங்களுக்கு ‘ஹேவிங்’ பிரச்சினை இல்லை, ‘ஹேவ்’ கூடவே ‘எஸ்டர்டே’ வருவதுதான் பிரச்சினை. ‘வீ ஹேவ் சப்மிட்டட் தி பில் ஆஃப் என்ட்ரி எஸ்டர்டே’ என்று தினமும் நாலு மெயிலாவது போகும். நேற்று, திங்கட்கிழமை, ரெண்டு நாள் முன்னாடி என்று நேரம் குறித்துவிட்டால் ‘ஹேவ்’வை எடுத்துவிட வேண்டும், ‘வீ சப்மிட்டட்’ போதும். நேரம் சொல்லாமல் வேலை முடிந்தது என்று மட்டும் சொல்வதானால் ‘வீ ஹேவ் சப்மிட்டட்’. ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘சின்ஸ் மண்டே’ எல்லாம் அதோடு நன்றாகச் சேரும்.

இதைவிட மோசம் ‘ஹேட்’. மரியாதையாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, எல்லாவற்றிலும் அதை நுழைக்கிறார்கள். ‘தி கன்டெய்னர் ஹேட் ரீச்ட் எஸ்டர்டே’ என்று எங்கள் ஆள் எழுத, வெளிநாட்டுப் பார்ட்டி சரி, வந்த பிறகு என்ன ஆச்சு, ஏதாவது டேமேஜா என்று கேட்டு பதில் போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நடந்த இரண்டு விஷயங்களில் முந்தியது எது என்று காட்டத்தான் ‘ஹேட்’. லாரி வருவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள் என்றால் ‘தி கேட் ஹேட் க்ளோஸ்ட் வென் தி லாரி ரீச்ட்’. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி ‘ஹேட்’ போட்டால் படிக்கிறவர் மிச்சக் கதைக்குக் காத்திருப்பார்.

ராயபுரத்திலிருந்து:

கப்பலில் போகிறவன் நான். எங்கள் கப்பலில் சமையல்காரர் பிலிப்பைன்ஸ், சீஃப் எஞ்சினியர் உக்ரைன், யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. இதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் கடலில் பேச நிலையான ஆங்கில வாக்கியங்களை வகுத்துக் கொடுத்திருக்கிறது, பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். ரேடியோவில் ‘வாட் ப்ராப்ளம்ஸ் டூ யூ ஹேவ்’ என்று கேட்டால் ‘ஐ ஹேவ் ப்ராப்ளம்ஸ் வித் எஞ்சின்’. சுற்றி வளைக்கவே கூடாது. இரைச்சலில் பாதி காதில் விழாது, விழுகிற பாதியிலேயே விஷயம் புரிந்தாக வேண்டும். ஊரில் இருக்கிற தம்பிகள் ஆங்கிலம் என்றால் நீளமாகப் பேசுவது என்று நினைக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம்.

பெரம்பூரிலிருந்து:

எங்கள் தெருவில் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த ஆன்ட்டி சில்லறை கேட்டால் ‘ஹேவ் யூ காட் சேஞ்ச்’ என்பார். ஸ்கூலில் ‘டூ யூ ஹேவ்’ என்று சொல்லித் தந்தார்கள். இரண்டும் சரி, கலந்து ‘டூ யூ ஹேவ் காட்’ என்று மட்டும் கேட்காதே என்பார். போகணும், செய்யணும் என்பதற்கு வரும் ‘ஹேவ் டு’வைப் பேசும்போது அவர் ‘ஹேஃப் டு’ என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுத்தான் என் காது பழகியது. ஒரு சந்தேகம் டீச்சர், ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்’ தப்பு என்றால் ‘ஹேவிங் பெயின்’ என்று சொல்வதும் தப்பா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

நல்ல கேள்வி சார். காய்ச்சல், சளி, சுகர் எல்லாம் நம்மிடம் இருப்பவை, அதனால் ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஷீ ஹேஸ் டயபடீஸ்’. ஆனால் இந்த நிமிஷம் உடம்பில் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்றால் ‘ஹேவிங்’ வரும். ‘ஹீ இஸ் ஹேவிங் செஸ்ட் பெயின்’ சரிதான், ‘ஹீ இஸ் ஹேவிங் ட்ரபிள் ப்ரீதிங்’ சரிதான். அந்த மாதிரி நேரத்தில் இலக்கணத்தை யோசிக்காதீர்கள், தமிழிலேயே சத்தமாகச் சொல்லி ஆளைக் கூப்பிடுங்கள்.