கால்களில் அதிர்வுணர்வை அளத்தல்: இளையோர், முதியோர் ஒப்பீட்டில் ஓர் ஐயம்

இயன்முறை மாணவி:
வணக்கம். 20 முதல் 30 வயதுக்கு உட்பட்டோருக்கும் 65 வயதைக் கடந்தோருக்கும் கால்களில் அதிர்வுணர்வு எவ்வளவு வேறுபடுகிறது என்பதை முதுகலை ஆய்வுக்காக அளந்து வருகிறேன். பயோதீசியோமீட்டர் என்னும், வோல்ட்டை ஏற்ற ஏற்ற வலுவாக அதிரும் கருவியின் முனையைப் பெருவிரலின் அடிச்சதையிலும் உள் கணுக்கால் எலும்பின் மேலும் வைத்து, வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றி, "தெரிகிறது" என்று அவர்கள் சொல்லும் அளவைக் குறித்துக்கொள்கிறேன். முதியோரின் அளவுகள் கூடுதலாகவே வருகின்றன. ஆனால், அது முழுவதும் நரம்பின் தளர்ச்சிதானா, பதில் சொல்வதில் ஏற்படும் தாமதமும் கலந்திருக்கிறதா என்று வழிகாட்டி கேட்டார். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

நரம்புக் கடத்தல் ஆய்வகத்திலிருந்து:
தளர்ச்சி உண்மையானதுதான். அதிர்வை உணரும் பசினியன் உணர்வேற்பிகள் வயதோடு குறைகின்றன; அவற்றிலிருந்து புறப்படும் தடித்த நரம்பிழை பாதத்திலிருந்து மூளையின் அடிப்பகுதியான முகுளம் வரை இடையில் எங்கும் மாறாமல் ஒரே செல்லாக நீள்வதால், பாதிப்பு கைகளைவிடக் கால்களில் முதலில் தெரிகிறது. ஆயினும் நீங்கள் அளக்கும் முறையில், உணர்ந்த கணத்துக்கும் சொன்ன கணத்துக்கும் இடையே கழியும் நேரமும் வோல்ட்டாகப் பதிவாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க, அடுத்தடுத்து இரண்டு நேர இடைவெளிகளைக் கொடுத்து, ஒன்றில் மட்டும் அதிர்வைச் செலுத்தி, அது எதில் வந்தது என்று சொல்லச் செய்யுங்கள். தெரியாவிட்டாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இதில் விரைவுக்கும், உறுதியாகத் தெரியாமல் பேசத் தயங்கும் இயல்புக்கும் இடமில்லை. நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் முதியோர் சோர்வடையாதபடி இடையிடையே ஓய்வு கொடுங்கள்.

பாத மருத்துவப் பிரிவில் பணிபுரிபவர்:
ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருவியின் ரீங்காரம் காதில் விழும். கூர்மையான செவியுடைய இளைஞர் கால் உணர்வதற்கு முன்பே ஒலியை வைத்துப் பதில் சொல்லிவிடக்கூடும். செவி மங்கிய முதியவருக்கு அந்த உதவி கிடைக்காது. ஆகவே அனைவருக்கும் காதொலிப்பான் அணிவித்து இரைச்சலை ஒலிக்க விடுங்கள். தோல் குளிர்ந்திருந்தால் உணர்வு மந்தமாகும் என்பதால் பாதத்தின் வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். முனையைக் கையால் அழுத்தாமல் அதன் எடையிலேயே நிற்க விடுங்கள். காய்ப்பும் கணுக்கால் வீக்கமும் முடிவை மாற்றும். சர்க்கரை நோயும் பி12 குறைபாடும் இருப்பவர்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள், இல்லையெனில் நோயை வயதென்று எழுத நேரிடும். இந்தக் கருவியில் அதிர்வின் வீச்சு வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 10 வோல்ட்டிலிருந்து 20 வோல்ட்டுக்குப் போனால் வீச்சு நான்கு மடங்காகிறது. சராசரி எடுக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இயன்முறை மாணவி:
மிக்க நன்றி. ஒலியைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பயன்படுத்தினால் தாமதச் சிக்கல் தீருமா?

நரம்புக் கடத்தல் ஆய்வகத்திலிருந்து:
தீராது, திசைதான் மாறும். இசைக்கவையில் அதிர்வு அடங்கிக்கொண்டே போகிறது. "நின்றுவிட்டது" என்று தாமதமாகச் சொல்பவர், உள்ளதைவிட நன்றாக உணர்பவராகத் தோன்றுவார். உங்கள் கருவியிலேயே வோல்ட்டை ஏற்றும்போது தோன்றும் அளவையும் இறக்கும்போது மறையும் அளவையும் மும்முறை எடுத்துச் சராசரி காணலாம். இரு திசைப் பிழைகளும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். நடுவே அதிர்வே இல்லாத சில முயற்சிகளையும் சேர்த்துக்கொண்டால், ஊகித்துச் சொல்பவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.