பிரபஞ்சம் எல்லையற்றது என்றால் படைத்தவன் தேவையில்லையா?

சந்தேகப்பிராணி:
பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. அப்படியானால் 1380 கோடி ஒளியாண்டு வரைதானே தெரிய வேண்டும்? 4650 கோடி என்று எழுதுகிறார்களே, எப்படி? ஒரு புள்ளியிலிருந்து வெடித்தது எல்லையில்லாமல் இருக்க முடியுமா? இன்னொன்று: எல்லையற்றது என்று நிரூபித்துவிட்டால் கடவுள் பேச்சுக்கே இடமில்லை என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

செம்பெயர்ச்சி:
ஒளி வந்துகொண்டிருக்கும்போதே இடையிலுள்ள வெளியும் விரிகிறது. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒளி நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. பெருவெடிப்புக்குச் சுமார் 3.8 லட்சம் ஆண்டு கழித்துக் கிளம்பியது. கிளம்பிய இடம் அன்று சுமார் 4.2 கோடி ஒளியாண்டு தள்ளித்தான் இருந்தது. அதன்பின் வெளி 1090 மடங்கு விரிந்திருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 4500 கோடியைத் தாண்டும். அந்த 3.8 லட்சம் ஆண்டுக்கு முந்தையதையும் சேர்த்தால் 4650.

'புள்ளி' என்பதுதான் வம்பு. சுருங்கியிருந்தது நாம் இன்று காணக்கூடிய பகுதி மட்டுமே. மொத்தமும் எல்லையற்றதாக இருந்தால், அன்றும் எல்லையற்றதாகத்தான் இருந்தது, அடர்த்திதான் எக்கச்சக்கம்.

கோணமானி:
எல்லையுண்டா என்பதை நேரடியாக அளக்க வழியில்லை. வெளியின் வளைவைத்தான் அளக்கிறார்கள். ஆதிப் பிளாஸ்மாவில் (அணுக்கள் உருவாகுமுன் இருந்த சூடான துகள் கூழ்) ஒலியலைகள் அந்த 3.8 லட்சம் ஆண்டில் ஓடிய தூரம், அன்றைய அளவில், சுமார் 4.4 லட்சம் ஒளியாண்டு. இதுதான் அளவுகோல். அதை 4.2 கோடியால் வகுத்தால் அது வானில் தெரிய வேண்டிய கோணம் வரும்: 0.0105 ரேடியன், அதாவது 0.6 பாகை. பிளாங்க் விண்கலம் அளந்தது 0.0104. வெளி உருண்டை போல வளைந்து மூடிக்கொண்டிருந்தால், அதாவது அளவுக்கு உட்பட்டதாக இருந்தால், இது பெரிதாகத் தெரியும். சேணம் போல வளைந்திருந்தால் சிறிதாக.

ஒரு சிக்கல். அந்த 4.2 கோடியே தட்டை வெளி (வளைவு பூஜ்யம்), இன்றைய விரிவு வேகம் இவற்றை வைத்துப் போட்ட கணக்கு. வளைவைக் கொஞ்சம் கூட்டி, வேகத்தைக் குறைத்தாலும் அதே கோணம் வந்து நிற்கும். அதனால் விண்மீன் மண்டலங்களின் பரவலில் பதிந்திருக்கும் அதே ஒலித்தடத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சேர்த்தபின் 2018 முடிவு: வளைவு 0.0007, பிழை கூடவோ குறையவோ 0.0019. பூஜ்யம் இதற்குள் அடங்குகிறது. ஆனால் 'சரியாகப் பூஜ்யம்' என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. பிழை வரம்பு சுருங்குமே தவிர மறையாது.

தட்டை என்றாலே எல்லையற்றது என்றும் ஆகாது. ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வந்து சேரும்படி மடிந்த தட்டை வெளியும் சாத்தியம். அப்படியானால் வானின் வெவ்வேறு திசைகளில் ஒரே மாதிரி வட்டங்கள் பதிந்திருக்கும். தேடினார்கள், அகப்படவில்லை. மடிப்பு நம் பார்வை எல்லைக்கு அப்பால் இருந்தால் அகப்படவும் செய்யாது.

தத்துவக்காரன்:
நண்பர் இடத்தையும் காலத்தையும் போட்டுக் குழப்புகிறார். இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி முன்வைத்த வாதம் 'தொடங்கியதற்குக் காரணம் வேண்டும்' என்பது. அதற்குத் தேவை காலத்துக்கு ஒரு தொடக்கம். வெளி எவ்வளவு அகலம் என்பது அல்ல. அந்தத் தொடக்கத்துக்கு ஆதாரமாக, இயற்பியலாளர்கள் போர்டே, குத், விலென்கின் 2003இல் வெளியிட்ட தேற்றத்தைக் காட்டுவார்கள். அது சொல்வது, சராசரியாக விரிந்துகொண்டே வந்த வெளியைக் கடந்த காலத்தில் முடிவின்றி நீட்ட முடியாது என்பதுதான். அதற்கு முன் வேறு இயற்பியல் இருந்திருக்கலாம்.

கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் உலகுக்குத் தொடக்கம் உண்டு என்று நம்பியவர். ஆனாலும் அதை அறிவால் நிரூபிக்க முடியாது என்றார். என்றென்றும் இருக்கும் உலகும் இருப்புக்குக் கடவுளையே சார்ந்திருக்கும் என்பது அவர் நிலை. நம் சைவ சித்தாந்தத்திலோ உலகின் மூலப்பொருளான மாயையே அநாதி, தொடக்கமற்றது. கடவுள் குயவன் போல, மாயை மண் போல. குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம். குயவன் மண்ணைப் படைப்பதில்லை. இந்தக் கடவுளைப் பிரபஞ்சத்தின் அகலம் அசைக்காது. சமணமோ தொடக்கமற்ற உலகை ஏற்று, படைத்தவனே இல்லை என்கிறது. ஒரே அநாதி, இரண்டு முடிவு.

சந்தேகப்பிராணி:
சரி, வளைவு 0.002 அளவில் உருண்டைப் பக்கமாக உறுதியானால்?

கோணமானி:
ஒளியின் வேகத்தை இன்றைய விரிவு வேகத்தால் வகுத்தால் வரும் தூரம் 1440 கோடி ஒளியாண்டு. அதை 0.002இன் வர்க்கமூலத்தால் வகுங்கள். வளைவு ஆரம் சுமார் 32,000 கோடி ஒளியாண்டு, நாம் காணும் ஆரத்தைப் போல ஏறக்குறைய 7 மடங்கு. கன அளவுக்குக் கணக்கு உண்டு, ஆனால் விளிம்பு கிடையாது. இப்போதைய பிழை வரம்பு கிட்டத்தட்ட அந்த 0.002தான், அதை உறுதியாகப் பிடிக்க இன்னும் பல மடங்கு துல்லியம் வேண்டும்.