தரம் 7 மாணவனின் கண்ணாடிப் பவர் ஒன்பது மாதத்தில் கூடிவிட்டது: கண்ணாடி அணிவதுதான் காரணமா?

கோண்டாவில் தாய்:

அனைவருக்கும் வணக்கம். எனது மகன் தரம் 7 இல் படிக்கிறான். இவ்வாண்டுத் தொடக்கத்தில் பாடசாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், எழுத்து அட்டையின் கீழ் வரிகளை அவனால் வாசிக்க முடியவில்லை என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எழுதிக் கொடுத்தார். நகரில் உள்ள ஒரு கண்ணாடிக் கடையில் காட்டி, வலது கண்ணுக்கு மைனஸ் 1.00, இடது கண்ணுக்கு மைனஸ் 1.25 என்ற பவரில் கண்ணாடி செய்வித்தோம். கரும்பலகை மீண்டும் மங்கலாகத் தெரிகிறது என்று அவன் சொன்னதால் சென்ற வாரம் அதே கடைக்குப் போனோம். இப்போது மைனஸ் 1.75, மைனஸ் 2.00 என்கிறார்கள். மனம் கேளாமல் இன்னொரு கடையில் காட்டியபோது, கணினிக் கருவியில் பார்த்துவிட்டு இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.50 என்று எழுதித் தந்தார்கள். ஒரே வாரத்துக்குள் ஒரே பிள்ளையின் கண்ணுக்கு இரண்டு கணக்கு எப்படி வரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

கண்ணாடி போடப் பழகியதால்தான் கண் சோம்பலாகி மேலும் கெட்டுப்போகிறது என்று மாமி கவலைப்படுகிறார். வகுப்பில் மட்டும் போட்டால் போதும் என்றும், பொன்னாங்காணியும் முருங்கையிலையும் ஒழுங்காகக் கொடுத்தால் பவர் இறங்கும் என்றும் அவர் சொல்கிறார். பிள்ளை மீதுள்ள பாசத்தால் சொல்லும் அந்தச் சொல்லை நான் தட்டிவிட விரும்பவில்லை, ஆனால் எது சரி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கைத்தொலைபேசியின் நீல ஒளியைத் தடுக்கும் பூச்சும் மெல்லிய வில்லையும் கட்டாயம் வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். அவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 9,000 ரூபாய் கூடும். தரம் 2 இல் படிக்கும் மகளும் இருப்பதால், அவளுக்கும் இதே நிலை வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இணுவில் ஆசிரியர்:

மருத்துவம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, வகுப்பறையில் கண்டதை மட்டும் சொல்கிறேன். கண்ணாடியைப் புத்தகப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எனது வகுப்பில் இருக்கிறார்கள். கேட்டால், "வீட்டில் அதிகம் போட வேண்டாம் என்று சொன்னவை" என்பார்கள். கணிதத்தில் பின்தங்கியவன் என்று நான் நினைத்திருந்த ஒரு பிள்ளைக்கு, பலகையில் எழுதியிருந்த தசமப் புள்ளியே தெரியவில்லை என்பதை ஒரு தவணை முழுவதும் கழிந்த பிறகுதான் அறிந்தேன். அந்த ஒரு தவணையை இன்றும் நினைத்து வருந்துகிறேன். தயவுசெய்து பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள்.

கண் பரிசோதகர், யாழ் நகர்:

சகோதரிக்கு வணக்கம். பல ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி வழங்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் மாமியின் கவலையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் என்னிடம் வரும் பெற்றோரில் பலர் அதே கேள்வியோடுதான் வருகிறார்கள்.

உங்கள் மகனுக்கு இருப்பது குறும்பார்வை, அதாவது கிட்ட உள்ளது தெளிவாகவும் தூரத்தில் உள்ளது மங்கலாகவும் தெரிவது. அதைத் திருத்துவதே மைனஸ் பவர். அது பெரும்பாலும் கண்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுவதால் வருவது. வளர்ந்த ஒருவரின் கண் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமுடையது. அதில் 1 மில்லிமீற்றர் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவர் வரை மாறிவிடும். பிள்ளை வளரும் வயதில் உயரம் கூடுவதுபோலக் கண்ணும் நீள்கிறது, அதனால் பவர் கூடுகிறது. சென்ற ஆண்டுச் சட்டை இவ்வாண்டு சிறுத்துப்போனால் சட்டையைக் குற்றம் சொல்வோமா? கண்ணாடியைக் குற்றம் சொல்வதும் அதைப் போன்றதுதான். பவரைக் குறைத்துக் கொடுத்தால் கண் தானாகத் தேறும் என்ற எண்ணத்தை மலேசியாவில் பிள்ளைகளிடம் சோதித்து 2002 இல் வெளியிட்டார்கள். குறைத்த பவர் அணிந்த பிள்ளைகளுக்கு, முழுப் பவர் அணிந்தவர்களைவிடக் குறும்பார்வை சற்று வேகமாகவே கூடியது.

கீரையைப் பற்றி: பொன்னாங்காணி, முருங்கையிலை, பப்பாசி, கரட் ஆகியவற்றிலிருந்து உடல் உயிர்ச்சத்து ஏ யைப் பெறுகிறது. அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் வரும், கருவிழியும் பழுதடையும். ஆகவே மாமி கொடுக்கும் கீரையைப் பிள்ளை மறுக்காமல் சாப்பிடட்டும். நீண்டுபோன கண்கோளத்தைக் கீரை சுருக்காது என்பதை மட்டும் அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி இரண்டு கடை, இரண்டு கணக்கு. உங்கள் கேள்வியில் மிக முக்கியமான இடம் இதுதான். பிள்ளையின் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மிகவும் நெகிழ்வானது. கணினிக் கருவிக்குள் தெரியும் படத்தை உற்றுப் பார்க்கும்போது, அது தூரத்தில் இருப்பதுபோல் காட்டப்பட்டாலும், பிள்ளை தன்னையறியாமல் கிட்டப் பார்ப்பதுபோலக் கண்ணை இறுக்கிக்கொள்ளும். அந்த இறுக்கம் முழுவதும் மைனஸ் பவராகவே கருவியில் பதிவாகும். எனவே கருவி தரும் எண்ணைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாமே தவிர, அதை அப்படியே கண்ணாடியாக வெட்டக் கூடாது. தேவைக்கு மேல் மைனஸ் கொடுத்தாலும் பிள்ளை கண்ணை இறுக்கி எழுத்தை வாசித்துவிடுவான், "நல்ல தெளிவு" என்றும் சொல்வான். ஆனால் மாலையில் தலையிடி என்பான், புத்தகத்தைத் தள்ளி வைப்பான்.

இதற்குத் தீர்வு, கண்ணுள் அந்த வில்லையை இறுக்கும் தசையைச் சில மணி நேரம் தளர்த்தும் சொட்டு மருந்தை விட்டுப் பரிசோதிப்பது. இதைக் கண் வைத்தியரின் மேற்பார்வையிலேயே செய்விக்க வேண்டும். போதனா வைத்தியசாலையின் கண் கிளினிக்கிலோ நீங்கள் நம்பும் ஒரு கண் வைத்தியரிடமோ பிள்ளையைக் காட்டுங்கள். மருந்து விட்ட பின் கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும், ஒரு நாள் வரை கிட்ட வாசிப்பது கடினமாக இருக்கும். ஆகவே பரீட்சைக்கு முதல்நாள் போகாதீர்கள், அன்று அவனைச் சைக்கிள் ஓட்ட விடவும் வேண்டாம். விரிந்த கண்மணி வழியாக விழித்திரையையும் வைத்தியர் பார்த்துவிடுவார் என்பது இதில் உள்ள பெரிய நன்மை. பவர் எழுதுவது ஒரு வேலை, கண் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. பல குடும்பங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று நினைப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உங்கள் மகன் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவனானால் அதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பவர் வேகமாகக் கூடினால், அதை மெதுவாக்கும் மிகக் குறைந்த செறிவுள்ள அற்றோபின் சொட்டு மருந்து பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

எப்போது அணிய வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். ஒன்றைப் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை மீற்றர் தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்பது வரும். மைனஸ் 2.00 என்றால் அரை மீற்றர். அதற்கு அப்பால் வீதியில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகை முதல் அம்மாவின் முகம் வரை எல்லாம் மங்கல்தான். வகுப்பில் மட்டும் அணிந்தால் போதுமா என்பதை இதிலிருந்து நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நீல ஒளிப் பூச்சுக்குப் பணம் செலவிட வேண்டாம். அத்தகைய கண்ணாடிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி கொக்ரேன் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட மீளாய்வு, திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரண வில்லைக்கும் அதற்கும் வேறுபாடு அநேகமாக இல்லை என்றே காட்டியது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கண் வறள்கிறது, சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் புழுதியும் சேர்ந்துகொள்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி முற்றத்து மரத்தைச் சிறிது நேரம் பார்க்கச் சொல்வதற்குச் செலவே இல்லை. மைனஸ் 2.00 அளவுக்கு விலையுயர்ந்த மெல்லிய வில்லையும் தேவையில்லை. பணம் இருந்தால், எளிதில் உடையாத பொலிகாபனேற் வில்லைக்குக் கொடுங்கள். பந்து விளையாடும் பிள்ளைக்கு அது பாதுகாப்பு.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். சீனாவின் குவாங்சோ நகரில், முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூட்டி மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் குறும்பார்வை புதிதாக உண்டானோர் 30.4 வீதம், வழமைபோல் இயங்கிய பாடசாலைகளில் 39.5 வீதம். 2015 இல் வெளியான இந்த ஆய்வின் பயன், ஏற்கெனவே கண்ணாடி அணிந்தவர்களைவிட இன்னும் அணியாத பிள்ளைகளுக்கே அதிகம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சமே இருக்கும், வெளியே பகலில் பத்தாயிரத்தையும் தாண்டும். நம் ஊரில் வெயிலுக்கு ஒருபோதும் பஞ்சமில்லை, பிள்ளைகளுக்கு நேரம்தான் பஞ்சம். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, சனி ஞாயிறும் தனியார் வகுப்பு என்றால் அவர்கள் பகலை எங்கே காண்பது? தரம் 2 பிள்ளைக்கு ஒரு வகுப்பைக் குறைத்து, மாமர நிழலிலாவது நாள்தோறும் விளையாட விடுங்கள். காண்டாவன வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை, காலையும் பிற்பகலும் போதும்.

சாவகச்சேரி வாசகர்:

ஐயா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது 51, எட்டு ஆண்டுகளாகச் சலரோகம் இருக்கிறது. கடையில் வாங்கிய ஆயத்தக் கண்ணாடியால் பத்திரிகை வாசித்து வந்தேன். சென்ற மாதம் மருந்தை மாற்றிய பின், அந்தக் கண்ணாடி பொருந்தாமல் போய்விட்டது. புதிதாக ஒன்று செய்வித்துக்கொள்ளலாமா?

கண் பரிசோதகர், யாழ் நகர்:

இப்போதே செய்விக்காதீர்கள், ஐயா. குருதியில் சீனியின் அளவு விரைவாகக் கூடினாலோ குறைந்தாலோ கண்ணுள் இருக்கும் வில்லையின் நீர்த்தன்மை மாறி, பவரும் தற்காலிகமாக மாறும். சீனி ஒரு நிலைக்கு வந்து சில வாரங்கள் கழிந்த பின் அளவெடுத்தால்தான் கண்ணாடி நிலைக்கும். வயதாகும்போது கிட்ட உள்ள எழுத்து மங்கும் வெள்ளெழுத்துக்கு ஆயத்தக் கண்ணாடி அணிவதால் கண் கெடாது, இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இருப்பவர்களுக்கு அது போதுமானதே.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைத் தேடினேன், காணவில்லை. கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பித்தீர்களா? சலரோகம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் செய்விக்க வேண்டும். விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கும் காலத்தில் வலியும் இராது, பார்வையும் குறையாது. பார்வை குறைந்த பின் வருபவர்களுக்கு இழந்ததை முழுமையாக மீட்டுக் கொடுப்பது கடினம். பறக்கும் கரும்புள்ளிகளோ மின்னலோ திரை விழுவது போன்ற மறைப்போ தென்பட்டால் ஆண்டுப் பரிசோதனைக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கோண்டாவில் தாய்:

மூன்று வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் வலது கண்ணுக்கு மைனஸ் 1.50, இடது கண்ணுக்கு மைனஸ் 1.75 என்று வந்தது. விழித்திரை நலமாக இருப்பதாகவும், ஆறு மாதத்தில் மீண்டும் வருமாறும் வைத்தியர் சொன்னார். மாமியையும் அழைத்துப் போயிருந்தேன். கண்கோளம் நீளும் விதத்தை வைத்தியர் வரைந்து காட்டியதும், "அப்ப பிள்ளை கழற்றாமல் போடட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். மகளைப் புதன்கிழமை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டோம். புதிய கண்ணாடியைக் கிணற்று நீரில் கழுவினால் வெள்ளைப் புள்ளிகள் படிகின்றன, துடைத்தாலும் போகவில்லை. என்ன செய்யலாம்?

கண் பரிசோதகர், யாழ் நகர்:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. மைனஸ் 2.50 கண்ணாடி அவன் முகத்தில் ஏறாமல் தப்பியது. அந்தப் புள்ளிகள் நம் சுண்ணக்கல் நிலத்து நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. நீர் தானாகக் காய்ந்தால் அது வில்லையில் தங்கிவிடும். சட்டை நுனியால் அழுத்தித் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். ஒரு துளி மென்மையான சவர்க்கார நீரை விரலால் பூசி, கொதித்தாறிய நீரிலோ சேமித்த மழைநீரிலோ அலசி, ஈரம் காய்வதற்கு முன் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். போகாத புள்ளி இருந்தால் கண்ணாடி செய்த கடையில் கொடுத்துத் துப்புரவாக்குங்கள். அங்கே போகும்போது, பிள்ளை தலையைக் குனிந்தால் பிரேம் மூக்கிலிருந்து வழுகுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், வழுகினால் காதுப் பக்கத்தை அவர்கள் சில நிமிடங்களில் வளைத்துத் தருவார்கள்.